அட்டை விற்பனையும் கடைக் கணக்கும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் பலர் இன்று சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள். சிலர் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். சிலர் சேலைக் கடை, முடிதிருத்தும் நிலையம், சிற்றுண்டிக் கடை நடத்துகிறார்கள். தீபாவளிக் காலத்தில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கின்ற தாய்மார்களும் உண்டு. இவர்கள் எல்லாரிடமும் வாடிக்கையாளர் இன்று கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அட்டையில் கட்டலாமா?" 'கட்டலாம்' என்று சொல்வதற்கு முன்னால் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டிய சில சொற்களையும் கணக்குகளையும் இன்றைய பேச்சிலே பார்ப்போம்.

தோட்டத்துக் கடையில் கடன் வாங்குவது நமக்குப் புதிதன்று. '555' என்று மேலட்டையில் அச்சிட்ட சின்னப் புத்தகத்தை நாம் எல்லாரும் அறிவோம். அரிசி, மாவு, மீன் டின் என்று மாதம் முழுவதும் அதில் எழுதிக்கொள்வோம்; சம்பள நாளில் கணக்குத் தீர்ப்போம். அங்கே கடன் கொடுத்தவர் கடைக்காரர். வாங்கியவர் சொல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் நட்டமும் கடைக்காரருக்கே.

கடன் அட்டையில் நடப்பது வேறு. அங்கே கடன் கொடுப்பது வங்கி. கடைக்காரருக்கு வங்கி பணத்தைக் கொடுத்துவிடுகிறது. வாடிக்கையாளரிடமிருந்து பிறகு வசூலித்துக்கொள்கிறது. அந்த வேலைக்கும், அந்தப் பொறுப்புக்கும் ஒரு கூலி உண்டு. அந்தக் கூலியைத்தான் கடைக்காரர் கட்டணமாகச் செலுத்துகிறார்.

ஓர் அட்டை விற்பனையில் எத்தனை பேர் சம்பந்தப்படுகிறார்கள் என்று பார்ப்போம். முதலாவது, பொருள் வாங்குபவர். இரண்டாவது, அவருக்கு அட்டை வழங்கிய வங்கி. மூன்றாவது, விசா, மாஸ்டர்கார்டு, நம் நாட்டின் மைடெபிட் போன்ற இணைப்பு நிறுவனம். நான்காவது, கடைக்கு இயந்திரம் கொடுத்துக் கடைக்காரரின் கணக்கில் பணத்தைச் சேர்க்கும் வங்கி. ஐந்தாவது, கடைக்காரர். கடைக்காரர் கொடுக்கும் கட்டணம் நடுவில் இருக்கும் மூவருக்கும் பங்காகிறது. அட்டை வழங்கிய வங்கிக்குப் போகும் பங்கை 'இன்டர்சேஞ்ச்' என்பார்கள். இந்தப் பங்குக்கு பேங்க் நெகாரா 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் உச்சவரம்பு விதித்தது.

மொத்தக் கட்டணத்திற்கு ஒப்பந்தத் தாளில் 'மெர்ச்சண்ட் டிஸ்கவுண்ட் ரேட்' என்று பெயர் போட்டிருக்கும், சுருக்கமாக 'எம்.டி.ஆர்.' 'டிஸ்கவுண்ட்' என்ற சொல்லைக் கண்டு, ஏதோ நமக்குக் கிடைக்கும் கழிவு என்று எண்ணிவிடக் கூடாது. நமக்கு வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளப்படும் தொகை அது.

இப்போது கணக்குக்கு வருவோம். கட்டணம் நூற்றுக்கு ஒன்றரை விழுக்காடு என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். நூறு வெள்ளிக்கு விற்றால் 98 வெள்ளி 50 காசு வரும். ஒன்றரை வெள்ளிதானே என்று தோன்றும். ஆனால், இந்தக் கட்டணம் விற்பனைத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது, இலாபத்தின்மேல் அன்று. இதை நன்றாக மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

சேலைக் கடைக்காரர் 70 வெள்ளிக்கு வாங்கிய சேலையை 100 வெள்ளிக்கு விற்கிறார். இலாபம் 30 வெள்ளி. அதில் ஒன்றரை வெள்ளி போனால், இலாபத்தில் இருபதில் ஒரு பங்கு போயிற்று. மளிகைக் கடைக்காரர் 38 வெள்ளிக்கு வாங்கிய அரிசி மூட்டையை 40 வெள்ளிக்கு விற்கிறார். இலாபம் 2 வெள்ளி. 40 வெள்ளிக்கு ஒன்றரை விழுக்காடு 60 காசு. அதாவது, அவருடைய இலாபத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு போய்விட்டது! கட்டண விகிதம் ஒன்றே; ஆனால் ஒருவருக்கு அது கொசுக்கடி, மற்றவருக்குத் தேள்கடி. ஆகவே, பக்கத்துக் கடைக்காரர் இயந்திரம் வைத்திருக்கிறார் என்பதற்காக நாமும் வைக்கக் கூடாது. நம்முடைய இலாப விகிதத்தை நாமே கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, இயந்திர வாடகை. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதந்தோறும் இதைக் கட்ட வேண்டும். வாடகை 50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் வெள்ளிக்கு அட்டையில் விற்றால் கட்டணம் 15 வெள்ளி, வாடகை 50 வெள்ளி, ஆக 65 வெள்ளி. உண்மையான செலவு நூற்றுக்கு ஆறரை! பத்தாயிரம் வெள்ளிக்கு விற்றால் கட்டணம் 150, வாடகை 50, ஆக 200 வெள்ளி. அப்போது செலவு நூற்றுக்கு இரண்டுதான். முகவர் வந்து ஒன்றரை விழுக்காடு என்று சொல்லும்போது, இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் தலையாட்டக் கூடாது.

எல்லா அட்டைக்கும் ஒரே கட்டணம் இல்லை என்பதையும் அறிய வேண்டும். வாடிக்கையாளரின் சேமிப்புக் கணக்கிலிருந்து உடனே பணம் எடுக்கும் பற்று அட்டைக்குப் பொதுவாகக் கட்டணம் குறைவு. கடன் அட்டைக்கு அதைவிடக் கூடுதல். வெளிநாட்டு அட்டைக்கு இன்னும் கூடுதல். மூன்றுக்கும் தனித்தனியே விகிதம் கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

"கட்டணத்தை வாடிக்கையாளரிடமே வாங்கிக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அப்படி அட்டைக்காகத் தனியே கூடுதல் பணம் வாங்குவது ஒப்பந்த விதிக்கு மாறானது. வாடிக்கையாளர் தம் வங்கியிடம் புகார் செய்யலாம். கடைக்காரர் இயந்திரத்தை இழக்க நேரலாம். வாங்கும் பக்கத்தில் இருக்கும் நம் குடும்பங்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

இனி 'செட்டில்மெண்ட்' என்ற சொல். அன்றைய விற்பனையை முடித்து வங்கிக்கு அனுப்பும் வேலை அது. இயந்திரம் தானாகச் செய்யாவிட்டால், கடை சாத்தும்போது நாம்தான் செய்ய வேண்டும். மறந்துவிட்டால் பணம் வரத் தாமதமாகும். செய்தாலும் பணம் அந்த நிமிடமே கைக்கு வந்துவிடாது. எத்தனை வேலை நாளில் வரும் என்பதை ஒப்பந்தம் சொல்லும். சனிக்கிழமை சந்தையில் விற்ற பணத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமை சரக்குக்காரருக்கு வாக்குக் கொடுத்தால் சங்கடம் நமக்குத்தான்.

மற்றொரு சொல் 'சார்ஜ்பேக்'. "இந்தப் பொருளை நான் வாங்கவே இல்லை" என்றோ, "பொருள் வந்து சேரவில்லை" என்றோ வாடிக்கையாளர் தம் வங்கியிடம் முறையிட்டால், நமக்குக் கொடுத்த பணம் திரும்பப் பிடிக்கப்படலாம். அப்போது நம் பக்கம் பேசுவது ரசீது ஒன்றுதான். இயந்திரத்தில் வரும் ரசீதுத் தாள் வெப்பத்தால் எழுத்து விழுகின்ற தாள். நாளானால் எழுத்து மங்கிவிடும். படி எடுத்துத் தேதி வாரியாகக் கட்டி வைக்க வேண்டும்.

விற்ற பொருளைத் திரும்ப வாங்கினால் பணத்தையும் அதே அட்டைக்கே திருப்ப வேண்டும். ரொக்கமாகக் கையில் கொடுக்கக் கூடாது. அவ்வாறே, "பொருள் வேண்டாம், அட்டையைத் தட்டிக்கொண்டு ரொக்கம் கொடுங்கள், உங்களுக்கும் ஒரு பங்கு தருகிறேன்" என்று யார் வந்து சொன்னாலும், அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், இணங்கக் கூடாது. பொய் விற்பனைக்கு நம் இயந்திரத்தைக் கொடுத்தால் பழி நம் பெயரில்தான் விழும். 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் இந்நாட்டு அட்டைகளுக்குக் கையெழுத்துக்குப் பதிலாக இரகசிய எண் வந்துவிட்டது. அந்த எண்ணை வாடிக்கையாளரே அழுத்த வேண்டும். "நான் அழுத்துகிறேன், எண்ணைச் சொல்லுங்கள்" என்று வயதானவர்களிடம் கேட்பது உதவி ஆகாது.

சின்ன வியாபாரிகளுக்கு இயந்திரம் இல்லாத வழியும் உண்டு. 2019ஆம் ஆண்டு வந்த டூயிட்நவ் கியூஆர் என்னும் கட்டம் போட்ட படத்தை ஒட்டி வைத்தால், வாடிக்கையாளர் கைப்பேசியால் படம் பிடித்துப் பணம் அனுப்பலாம். இதற்கும் கட்டணம் உண்டா, விலக்கு உண்டா என்பதை உங்கள் வங்கியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'பணம் போய்விட்டது' என்று வாடிக்கையாளர் தம் கைப்பேசியைக் காட்டினால் போதாது; நம் கணக்கில் வந்ததா என்று நம் கைப்பேசியில் பார்க்க வேண்டும். காலையில் கடை திறந்ததும், நம் படத்தின்மேல் வேறு எவராவது தம் படத்தை ஒட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

நேயர்களே, இதையெல்லாம் சொல்வது அட்டையைக் கண்டு அஞ்சுவதற்காக அல்ல. கள்ள நோட்டுப் பயம் இல்லை. இரவில் பணப்பையைச் சுமந்து வீடு திரும்பும் பயம் குறைகிறது. வங்கிக் கணக்கில் விற்பனை பதிவாவதால், நாளைக்குத் தொழிற்கடன் கேட்கும்போது காட்டுவதற்கு ஆதாரமும் இருக்கிறது. 555 புத்தகத்தில் எழுதி வராமற்போன கடனை எண்ணிப் பார்த்தால், சிலருக்கு இந்தக் கட்டணம் மலிவாகவே தோன்றும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே, கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு வகை அட்டைக்கும் கட்டணம் எவ்வளவு? மாத வாடகையும் குறைந்தபட்சக் கட்டணமும் உண்டா? பணம் எத்தனை நாளில் வரும்? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும்? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காமல் தாளிலே வாங்குங்கள். தாளில் உள்ள மொழி புரியாவிட்டால், இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் மகளையோ மகனையோ பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். "நாளைக்கு வாருங்கள்" என்று முகவரிடம் சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

மழையிலும் வெயிலிலும் உழைத்துச் சேர்த்த முதல் அது. அதில் ஒவ்வொரு காசும் எங்கே போகிறது என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.