ஏறி இறங்கும் எண்கள்

நான்கு வீடுகள் வட்டமாக நிற்கின்றன. அடுத்தடுத்த வீடுகளுக்கு ஒரே வண்ணம் பூசக்கூடாது. கையில் 3 வண்ணங்கள் இருந்தால் எத்தனை விதமாகப் பூசலாம்? 18 விதம். வண்ணங்கள் எத்தனை ஆனாலும் விடை சொல்ல ஒரு சூத்திரம் உண்டு. அதிலுள்ள எண்களைக் கூட்டல், கழித்தல் குறிகளை விட்டுப் பார்த்தால் 1, 4, 6, 3. ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. வீடுகள் எப்படி இணைந்திருந்தாலும் இறங்கத் தொடங்கிய எண் மறுபடி ஏறாது என்று 1968இல் ரொனால்ட் ரீட் ஊகித்தார். நாற்பது ஆண்டுகள் நிரூபணம் கிடைக்கவில்லை.

கொடுத்தவர் ஜூன் ஹு. சியோலில் வளர்ந்தவர், கவிஞராக விரும்பி உயர்நிலைப் பள்ளியை விட்டவர். பல்கலைக்கழகத்தில் ஹிரோனாகா என்ற ஜப்பானியப் பேராசிரியரின் வகுப்புதான் அவரைக் கணிதத்துக்கு இழுத்தது. பத்து வயதிலேயே "இவனுக்குக் கணக்கு வராது" என்று முத்திரை குத்தும் நம் வீடுகளில் அவர் என்ன ஆகியிருப்பார்?

இந்த எண்களை அவர் வடிவியலோடு இணைத்தார். பரப்புகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகளை எண்ணும்போது இதே ஏற்ற இறக்கம் வரும் என்பது வடிவியலாருக்கு முன்பே தெரியும். 2012இல் அந்த நிரூபணம் வெளியானது.

ஆனால் மேட்ராய்டு என்ற பொதுவான அமைப்புகள் பலவற்றுக்குப் பின்னால் வடிவம் எதுவும் இல்லை. அடிப்ராசிட்டோ, கட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, அங்கும் வடிவியலின் விதிகள் செல்லும் என்று காட்டினார். அக்கட்டுரை 2018இல் வந்தது. 2022இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். இல்லாத வடிவத்தின் விதி எப்படிச் செல்லுபடியாகிறது? எனக்கு இன்னமும் வியப்புதான்.