உடல் சொல்வதைக் கேட்போம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எம்மில் பலர் இன்று பல நாடுகளில் வைத்தியராகவும் தாதியராகவும் வேலை செய்கிறோம். கறுப்பினப் பெண்களும் எம்மிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தம் உடலைத் தாமே அறிந்துகொள்ள நடத்திய போராட்டத்தை நாம் தெரிந்திருப்பது நல்லது.

அவர்களின் உடல் நெடுங்காலம் அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. 1840களில் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர், அனார்க்கா, பெற்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களில் மயக்கமருந்து இல்லாமல் சத்திரசிகிச்சைகளைச் செய்து பார்த்தார். கடும் பிரசவத்தின் பின் சிறுநீர் ஓயாது கசியும் நோய் அவர்களுக்கு. அனார்க்காவுக்கு மட்டும் ஏறக்குறைய 30 தடவை. நியூயோர்க்கில் சிம்ஸுக்கு வைத்த சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது.

இப்படிப்பட்ட வரலாற்றின் பின்னணியில், 1983இல் பில்லி ஏவரி என்ற பெண்மணி கறுப்பினப் பெண்களின் சுகநலம் பற்றி ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டினார். அது நடந்த இடம் அற்லாண்டாவில் உள்ள கறுப்பின மகளிர் கல்லூரியான ஸ்பெல்மன். அந்த முயற்சியில் பல சிறு குழுக்கள் வளர்ந்தன. பெண்கள் சுற்றியிருந்து, தம் இரத்த அழுத்தத்தையும் களைப்பையும் வீட்டில் படும் அடியையும் பேசினார்கள். தனக்கு மட்டும் என்று ஒளித்தது பக்கத்தில் இருப்பவளுக்கும் உண்டு என்று அறிந்தபோது வெட்கம் குறைந்தது. சுகம் அங்கேதான் தொடங்கியது.

ஆனாலும் பழைய எண்ணங்கள் போய்விடவில்லை. 2016இல் வெர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், வெள்ளையின வைத்திய மாணவர்களிலும் பயிற்சி வைத்தியர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையேனும் நம்பியிருந்தார்கள். அங்கே பிரசவம் தொடர்பாக இறக்கும் கறுப்பினப் பெண்களின் வீதம் வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு.

ரெனிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017இல் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றார். மறுநாள் மூச்சுத் திணறியது. முன்பு நுரையீரலில் இரத்தக்கட்டி வந்தவர் என்பதால் உடனே விளங்கிக்கொண்டு ஸ்கான் எடுக்கக் கேட்டார். நோவுக்குக் கொடுத்த மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று தாதி நினைத்தார். செரீனா விடவில்லை. எடுத்துப் பார்த்தபோது கட்டிகள் இருந்தன. உலகம் அறிந்த பெண்ணுக்கே இந்த நிலை.

சகோதரிகளே, எம் பெண்பிள்ளைகளுக்கு உடலுறுப்புகளின் பெயரைக் கூச்சமின்றிச் சொல்லிக் கொடுப்போம். மாதவிடாயும் நித்திரையும் தமக்கு வழமையாக எப்படி என்று அவர்கள் அறியட்டும். மாற்றம் வந்தால், எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் என்று தெளிவாகச் சொல்லப் பழகட்டும். பிரசவத்தின் பின் மூச்சுத்திணறல், கடும் தலையிடி, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், அதிக இரத்தப்போக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம்.

பாரம் முழுவதையும் நோயாளியின் தலையில் வைப்பதும் நியாயமில்லை. செரீனாவுக்குத் தெரிந்திருந்தது, வாய்விட்டும் சொன்னார். கேட்பதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. கட்டிலருகே நிற்பவர்கள் நாம். "எனக்கு ஏதோ சரியில்லை" என்று எந்தப் பெண் சொன்னாலும், முதலில் நம்பி, பிறகு பரிசோதிப்போம்.