காந்திகிராமத்தின் கதவு எப்போது திறக்கிறது?

(பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோருக்காக நம் அறக்கட்டளை பழனியில் நடத்திய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நம் அலுவலகத்துக்குக் கல்வி உதவி கேட்டு மனுக்கள் வருகின்றன. பெரும்பாலும் ஒரே கதைதான். கட்டணம் அதிகமான ஒரு கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்து, நகையை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிவிட்டு, மீதிக்கு நம்மிடம் வருகிறார்கள். பைத்துல்மாலில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நாலு பேருக்குக் கொடுத்தால் ஐந்தாமவருக்கு இல்லை. போன ஜூனில் ஒரு பெண் பிள்ளையின் அத்தா வந்தார். நல்ல மதிப்பெண். காந்திகிராமப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றார். கடிதத்தால் ஆகக்கூடிய காரியம் அல்ல அது. அங்கே சேருவதற்கான நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் மார்ச் மாதமே முடிந்துவிட்டது. அப்படி ஒரு தேர்வு இருப்பதே அவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கூட்டத்தை டிசம்பரிலேயே வைத்திருக்கிறோம்.

நம் ஊரிலேயே கல்லூரிகள் இருக்கின்றன. தேவஸ்தானம் நடத்தும் அருள்மிகு பழனியாண்டவர் கல்லூரிகளைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் கல்லூரி, கொடைக்கானலில் 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நடக்கிறது. வீட்டிலிருந்து போய் வர வேண்டிய பிள்ளைக்கு அவை போதும். இன்று நாங்கள் பேச வந்தது காந்திகிராமத்தைப் பற்றி. மாவட்டத்துக்குள்ளேயே இருந்தும் நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத இடம் அது.

முதலில் ஒரு பயத்தைத் தெளிவுபடுத்தி விடுகிறோம். அதன் பெயரில் 'நிகர்நிலை' என்ற சொல் வருகிறது. நிகர்நிலை என்றாலே தனியார், நன்கொடை, லட்சங்கள் என்று நம் மக்கள் நினைத்துக் கொள்கிறார்கள். காந்திகிராமம் அப்படிப்பட்டதல்ல. மத்திய அரசின் நிதியில், பல்கலைக்கழக மானியக் குழுவின் வழியாக நடப்பது. 1956இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் அங்கே கட்டணம் மிகக் குறைவு.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. ரயிலில் போனால் அம்பாத்துரை நிலையம். காந்தியடிகள் 1946 பிப்ரவரியில் மதுரைக்கும் நம் பழனிக்கும் வந்து போனார். அடுத்த ஆண்டு, நாடு விடுதலை அடைந்த சில வாரங்களில், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் டாக்டர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சின்னாளப்பட்டி மக்கள் நிலத்தை நன்கொடையாகக் கொடுத்தார்கள். சௌந்தரம் அம்மையார் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதிலேயே விதவையானவர். அந்தக் காலத்தில் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார், மறுமணம் செய்து கொண்டார். பிற்காலத்தில் திண்டுக்கல் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி மத்திய அரசில் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார். பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பலாமா என்று யோசிக்கும் தாய்மார்கள், அந்த இடத்தை உருவாக்கியவரே வெளியூர் போய்ப் படித்த ஒரு பெண்தான் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி நம் சமுதாயத்தில் பலருக்குத் தெரியாது. காந்திகிராமம் தன் கல்வி முறைக்கு அடிப்படை என்று சொல்லும் பெயர் 'நயி தாலீம்'. தமிழில் ஆதாரக் கல்வி என்பார்கள். 'தாலீம்' நமக்கு அந்நியமான சொல்லா? மக்தபில் நாம் கேட்டு வளர்ந்த அதே தஃலீம்தான். 1937இல் வார்தாவில் கல்வி மாநாடு கூடியபோது, இந்தத் திட்டத்தை எழுதிக் கொடுக்க ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைமை வகித்தவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவைக் கட்டிக் காத்தவர், 1967இல் குடியரசுத் தலைவரானவர். 1956இல் மத்திய அரசு கிராமிய உயர்கல்வி நிறுவனங்களைத் தொடங்கியபோது காந்திகிராமத்துக்கு ஒன்று கிடைத்தது, டெல்லி ஜாமிஆவுக்கும் ஒன்று கிடைத்தது. கையால் செய்யும் தொழிலையும் ஏட்டுப் படிப்பையும் பிரிக்கக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் உயிர். ஆகவே 'அது அவர்கள் இடம்' என்று யாராவது சொன்னால், அதன் வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு என்று சொல்லுங்கள்.

படிப்புகளுக்கு வருவோம். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல், மனையியல், பொருளியல் என்று எல்லா இடத்திலும் உள்ளவை அங்கேயும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு, அங்கே சிறப்பாக உள்ளவற்றைக் கவனிக்கச் சொல்கிறோம். கிராம வளர்ச்சி, காந்தியச் சிந்தனையும் அமைதியும் பற்றிய படிப்பு, வேளாண்மை ஆகியவை உண்டு. சுகாதார ஆய்வாளர் பட்டயப் படிப்பும் உண்டு. நகராட்சியிலும் சுகாதாரத் துறையிலும் சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் போக நினைக்கும் பையன்கள் இதை அவசியம் விசாரிக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரிவதில்லை. ஆசிரியராக விரும்பும் பிள்ளைகளுக்கு, பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கு ஆண்டுகளில் முடிக்கும் படிப்பு இருக்கிறது.

பி.காம். கூட்டுறவு என்று ஒன்று உண்டு. அதைச் சொன்னவுடன் ஒரு பெரியவர், 'கூட்டுறவு வங்கி என்றால் வட்டிதானே?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. எந்த வேலைக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். ஆனால் கணக்கு எழுதுவதும் தணிக்கையும் சங்க நிர்வாகமும் ஹராம் அல்ல. நம் பள்ளிவாசல் கணக்கையும் வக்ஃபு சொத்துக் கணக்கையும் முறையாக எழுத ஆள் தேடி நாம் படும் பாடு நமக்குத் தெரியும்.

வளாக வாழ்க்கையில் சில பழக்கங்கள் வேறு இடங்களில் இல்லாதவை. மாணவர்கள் ஆசிரியர்களோடு ஒரு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் அங்கேயே தங்கி, வீடு வீடாக விவரம் எடுத்து, ஊர் வேலைகளில் சேர்ந்து உழைக்க வேண்டும். பாடத்திட்டத்தின் ஒரு பகுதி அது. 'சாந்தி சேனா' என்று ஓர் அமைப்பு உண்டு. அமைதிப் பணிக்கும் பேரிடர்ப் பணிக்கும் மாணவர்களைப் பழக்குகிறார்கள். கதருக்குத் தனி மரியாதை. சர்வ சமயப் பிரார்த்தனை நடக்கும்.

இந்த இரண்டைப் பற்றித்தான் பெற்றோர் எங்களிடம் மெதுவாகக் கேட்கிறார்கள். ஒன்று, பெண் பிள்ளை கிராமத்தில் போய்த் தங்குவதா? இரண்டு, பிரார்த்தனை.

கிராமத் தங்கலுக்கு ஆசிரியர்கள் கூடவே போகிறார்கள், குழுவாகத்தான் தங்குகிறார்கள். ஆனாலும் கவலை இருக்கும் அத்தாவிடம் 'கவலைப்படாதீர்கள்' என்று சொல்லி அனுப்புவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. சேருவதற்கு முன்பே ஒரு நாள் பிள்ளையை அழைத்துக் கொண்டு நேரில் போங்கள். பெண்கள் விடுதியைப் பாருங்கள், காப்பாளரிடம் பேசுங்கள், தொழுகைக்கு எங்கே வசதி, நோன்பு காலத்தில் ஸஹர் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பழனியிலிருந்து தினமும் போய் வருவது கஷ்டம். திண்டுக்கல்லுக்கே 60 கிலோமீட்டர், அதற்கு மேல் இன்னொரு பஸ். ஆகவே விடுதியை ஏற்றுக்கொள்ள மனம் இருந்தால் மட்டும் விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்த பிறகு வீட்டில் சண்டை போட்டுப் பிள்ளையை அழ வைக்காதீர்கள்.

பிரார்த்தனையைப் பொறுத்தவரை, பிறர் பிரார்த்திக்கும் இடத்தில் மரியாதையாக அமர்ந்திருப்பதும் அதில் கலந்து சொல்வதும் வேறு வேறு. ஈமானை வீட்டிலும் மக்தபிலும் ஊன்றி வளர்த்த பிள்ளை அந்த வித்தியாசத்தைத் தெரிந்து கொள்ளும். பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்களை, ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த வரலாற்றை நம் ஆலிம்கள் எத்தனை முறை பயானில் சொல்லியிருக்கிறார்கள்! கற்றுக் கொடுத்தவர்கள் அன்று எதிரணியில் நின்று போரிட்டவர்கள்.

இனி முக்கியமான விஷயம். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பொது நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது. 'க்யூட்' என்கிறார்கள். காந்திகிராமத்தின் இளநிலைப் படிப்புகளுக்கும் அதுதான் வழி. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. கணினியில் எழுத வேண்டும். 13 மொழிகளில் எழுதலாம், தமிழும் உருதும் அவற்றில் உண்டு. கேள்விகள் என்சிஇஆர்டி புத்தகங்களை ஒட்டி வருகின்றன. மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தப் புத்தகங்களையும் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தேதிகளைக் கேளுங்கள். 2024இல் விண்ணப்பம் பிப்ரவரி 27இல் திறந்தது. பிளஸ் டூ முடிவு வந்தது மே 6. 2025இல் மார்ச் 1இல் திறந்து அதே மாதம் மூடிவிட்டார்கள். முடிவு வந்தது மே 8. அதாவது, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருந்தவருக்கு இரண்டு ஆண்டும் கதவு மூடியிருந்தது. அடுத்த முறை இன்னும் முன்னதாகவே திறந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஜனவரி பிறந்தவுடனே பார்க்கத் தொடங்க வேண்டும். சில ஆண்டுகளில் மீந்த இடங்களைப் பின்னால் நிரப்புவார்கள் என்று சிலர் சொல்வார்கள். மீந்ததை நம்பி யாரும் பந்திக்குப் போவதில்லை.

சாதிச் சான்றிதழில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் மாநிலக் கல்லூரிகளில் 2007 முதல் நமக்கு 3.5 சதவீதம் தனி இடஒதுக்கீடு. அதற்கு நாம் வைத்திருப்பது பிற்பட்ட வகுப்பு முஸ்லிம் என்ற சான்றிதழ். மத்திய அரசு நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே ஓபிசி 27 சதவீதத்துக்குள் வர வேண்டும், அதற்கு 'கிரீமி லேயர் அல்லாதவர்' என்ற மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகளும் தக்னி முஸ்லிம்களும் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாப் பிரிவுகளும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பிரிவின் பெயர் பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, இ-சேவை மையத்தில் இப்போதே மனுச் செய்யுங்கள். தாலுகா அலுவலகத்தில் விசாரணை முடியச் சில வாரங்கள் ஆகலாம். பள்ளிச் சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்றோ 'இஸ்லாம்' என்றோ மட்டும் இருந்தால் இன்னும் அலைச்சல்.

இன்ஷா அல்லாஹ், ஜனவரி முதல் நம் அலுவலகத்தில் இஷா தொழுகைக்குப் பிறகு விண்ணப்பம் நிரப்ப உதவி செய்கிறோம். நம் ஜமாஅத்துக் கல்லூரி மாணவர்கள் இருவர் உட்காருவார்கள். கட்டணம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். கட்ட முடியாதவர்களுக்கு அறக்கட்டளை கட்டும், பெயரை வெளியே சொல்ல மாட்டோம். பிள்ளையின் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், புகைப்படம், சாதிச் சான்றிதழ் கொண்டு வாருங்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றில் முஹம்மது, மற்றொன்றில் முகமது என்று இருந்தால் இப்போதே திருத்த வேண்டும். கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஓடிபிக்கும் அனுமதிச் சீட்டுக்கும் அவர் கடை எப்போது திறக்கும் என்று காத்திருந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.