சிவப்பு மையில் அடிக்கப்பட்ட 786

இன்று இளங்கல்வியியல் பட்டம் பெறும் ஆசிரியர்களே, அவர்களைப் பெற்றவர்களே,

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். குருவிடம் கேட்டதைத் தனக்குள் பூட்டி வைக்காமல், திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர் என்று வைணவ மரபு அவரைப் போற்றுகிறது. அவர் ஊரில் நிற்பதால், மனநல மருத்துவரான நானும் என் மருத்துவ அறைக்குள் கேட்ட ஒன்றை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அந்தப் பிள்ளை யார் என்பது மட்டும் என்னோடு இருக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரகடம் பக்கமிருந்து பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். தினமும் காலையில் வயிற்று வலி, வாந்தி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி கிடையாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அத்தாவுக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்ட். பையன் விழித்திருக்கும் நேரத்தில் அவர் தூங்குவார். அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் இவன் டியூஷனில் இருப்பான். இந்த வட்டாரம் நெடுகிலும் அப்படி எத்தனையோ வீடுகள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு முறை வந்தும் பையன் வாய் திறக்கவில்லை. மூன்றாவது முறை, புத்தகப் பையிலிருந்து அரையாண்டுக் கணக்குத் தாளை எடுத்து மேசையில் வைத்தான். முதல் பக்கத்தின் உச்சியில் நீல மையில் சின்னதாக 786. அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. விடைத்தாளில் வேண்டாத குறி எதுவும் போடக்கூடாது, பொதுத் தேர்வில் போட்டால் சிக்கல் என்றுதான் அந்த ஆசிரியர் நினைத்திருப்பார். அதை வாயால் சொல்லியிருந்தால் பையனுக்குப் புரிந்திருக்கும். சொல்லாததால் அவனே ஒரு பொருள் செய்துகொண்டான்.

“அன்னைக்கு விடியக்காலைல நான் சுபுஹு தொழல மேடம். தூங்கிட்டேன். அதான் அல்லாஹ் அத அடிக்க வச்சுட்டான். பப்ளிக்லயும் ஃபெயிலாக்கிடுவான்.”

நானும் 786 போட்டுப் பரீட்சை எழுதியவள்தான். ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்ற வாசகத்தின் அரபி எழுத்துகளை எண்ணாக்கிக் கூட்டினால் வருகிற தொகை அது. குர்ஆனிலோ ஹதீஸிலோ அப்படி எழுதச் சொல்லவில்லை என்று ஆலிம்கள் எடுத்துச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் ராமநாதபுரம் பக்கத்தில் நான் படித்த காலத்தில், என் வாப்பா கடைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதுவார். அதைப் பார்த்து நானும் எழுதினேன். பக்கத்து பெஞ்சுத் தோழி பிள்ளையார் சுழி போடுவாள். போட்டு முடித்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் கை நடுக்கம் நிற்கும். எங்களுக்குத் துணையாக வந்த அதே எண் இந்தப் பையனுக்குத் தண்டனையாகத் தெரிந்தது. அவன் மனத்தில் அல்லாஹ் தேர்வு மேற்பார்வையாளராகிவிட்டான்.

மருந்தும் கொடுத்தேன், பேச்சுச் சிகிச்சையும் செய்தேன். ஆனால் இந்த முடிச்சு என் கைக்கு அவிழவில்லை. யார் பேச்சைக் கேட்பான் என்று அவன் அம்மாவிடம் விசாரித்தேன். “மதரஸா ஹஜ்ரத் சொன்னா கேப்பான்” என்றார். குடும்பத்தின் சம்மதத்தோடு அவரை வரச் சொன்னேன். வந்தார். தொழாததற்குத் திட்டுவாரோ என்று பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஹஜ்ரத் அவனுக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, புகாரி நபிமொழித் தொகுப்பில் வருகிற ஒரு செய்தியைச் சொன்னார். நபிகள் நாயகம் (ஸல்) நீண்ட நேரம் தொழவைக்க நினைத்து நிற்பார்கள். பின்வரிசையில் ஏதாவது குழந்தை அழுவது காதில் விழுந்தால், தாய் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள்.

“ஒரு கொழந்த அழுததுக்குத் தொழுகையே சுருங்குச்சு தம்பி. நீ அழுதா அல்லாஹ் பாத்துக்கிட்டு சும்மா இருப்பானா?”

பையன் அழுதான், நெடுநேரம் அழுதான். அவன் அம்மாவும் அழுதார்.

அதன் பிறகு, முதல் ஷிப்ட் வாரங்களில் கம்பெனி பஸ் வருமுன் அத்தாவும் மகனும் வீட்டுக் கூடத்தில் ஒரே பாயில் நின்று சுபுஹு தொழுதார்கள். அந்தப் பத்து நிமிடம்தான் அன்றைய நாளில் அவர்கள் சேர்ந்திருந்த நேரம். வலி ஒரே நாளில் போய்விடவில்லை, ஆறேழு வாரம் ஆனது. அவன் தேர்ச்சி பெற்றான். எத்தனை மதிப்பெண் என்று நான் கேட்கவில்லை.

மதத்தைக் கொண்டு துன்பத்தைத் தாங்குவதைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், அதில் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டுகிறார். இறைவன் உடனிருக்கிறான் என்று நம்புவது மனத்துக்குப் பலம். இறைவன் தண்டிக்கிறான், கைவிட்டான் என்று நம்புவது வலியைக் கூட்டும். என் முப்பதாண்டு அனுபவமும் அதையே சொல்கிறது. ‘மார்க் குறைஞ்சா அல்லாஹ் கேப்பான்’ என்று மிரட்டும் பெற்றோர் இந்த அரங்கில் இருந்தால், இன்றோடு அதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. இதில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இத்தனை பேரில் எத்தனை பேர் தங்கள் பயத்தை ஒரு பெரியவரிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒரு பெரியவர் துணைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் தன் ஐந்தாம் வகுப்பைப் பற்றி எழுதியிருப்பதைக் கேளுங்கள். தொப்பி போட்ட கலாம், ராமேஸ்வரம் கோயில் அர்ச்சகரின் மகன் ராமநாத சாஸ்திரியோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த ஆசிரியர் கலாமைப் பின் பெஞ்சுக்கு அனுப்பினார். நண்பனின் தந்தை லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார், அவரும் மனம் மாறினார். கலாம் நாட்டின் குடியரசுத் தலைவரான பின்னும் அந்த பெஞ்சை மறக்கவில்லை. அவரது சிறுவயதுக் காலைகளையும் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் கணக்கு டியூஷன், அடுத்து தந்தை ஜைனுலாப்தீனோடு தொழுகை, அரபிப் பாடம், அதன்பின் செய்தித்தாள் விநியோகம். இன்றைய பிள்ளைகளின் சுமைக்கு அது குறைந்ததல்ல. ஆனால் தொழுகைக்குப் போ என்று ஏவிவிடாமல், தந்தை கூடவே நடந்தார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஆசிரியர்களே, 2025இல் மார்ச் 2ஆம் தேதி நோன்பு தொடங்கியது, மறுநாளே பிளஸ் டூ பொதுத் தேர்வு. உங்கள் வகுப்பிலும் அப்படி ஓர் ஆண்டு வரும். நோன்பு வைத்த பிள்ளையிடம் ‘பரீட்சை நேரத்தில் இது தேவையா’ என்று கேட்காதீர்கள். ஸஹர் உணவுக்கு எழுந்தாயா, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேளுங்கள். உடம்பு முடியாதவர்களுக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது, பின்னாளில் வைத்துக்கொள்ளலாம். அதை அவன் ஊர் ஹஜ்ரத் வாயால் சொல்லவையுங்கள், நீங்கள் சொல்வதைவிட ஆறுதலாக இருக்கும். மதிய இடைவேளையில் லுஹர் தொழ இடம் கேட்டால், நூலகத்தின் ஒரு மூலையைக் காட்டுங்கள். குளிர்ந்த நீரில் ஒளு செய்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுந்து வரும் பிள்ளையின் மூச்சு எப்படி நிதானமாகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். வேறு நம்பிக்கையுள்ள பிள்ளைக்கும் அதே மூலையைக் கொடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்பது நாயகத்தின் அறிவுரை. துஆ செய்யும் பிள்ளைக்கு மருத்துவரும் வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416. காசு வேண்டாம், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நீங்கள் வகுப்புக்குள் நுழையும் முதல் நாள், பாடத் தலைப்பை எழுதுமுன், கரும்பலகையின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். யாரும் அதை அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.