மாணவரா, ஊழியரா?
அமெரிக்கக் கல்லூரி விளையாட்டும் அரசாங்கமும்

1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சிறியதொரு கல்லூரியில் படித்துவந்த மாணவர் ஒருவர் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு உயிர் துறந்தார். கல்லூரியின் உதவியோடு படித்தவர் அவர், மணமானவர். வேலை செய்கையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குச் சட்டம் அளிக்கும் நஷ்டஈட்டைத் தமக்கும் தரவேண்டும் என்று அவருடைய மனைவியார் கோரினார். வழக்கு அம்மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. கல்லூரி கால்பந்தை ஒரு தொழிலாக நடத்தவில்லை. எனவே மாண்டவர் அதன் ஊழியர் அல்லர் என்று 1957-இல் தீர்ப்பாயிற்று.

நேயர்களே, அங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவன்மேல் பாய்ந்து அவனை வீழ்த்துவதுமே அதன் இயல்பு. 1905-இல் இளைஞர் பலர் அதில் மடியவே, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று கல்விச்சாலைகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். அவர் சட்டம் எதுவும் இயற்றவில்லை. புத்திமதி கூறினார், அவ்வளவே. மறு ஆண்டில் கல்லூரிகள் தாமே கூடி ஒரு சங்கம் கண்டன. 1910 முதல் அதற்கு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்று பெயர். ஆட்டத்தின் விதிகளை வகுக்கப் பிறந்த அச்சங்கம், நாளடைவில் ஆடுபவன் எவ்வளவு பெறலாம் என்பதையும் வகுக்கலாயிற்று. ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்னும் தொடரை ஊரெங்கும் வழங்கச் செய்ததும் அதுவே. நஷ்டஈட்டு வழக்குகளுக்கு அஞ்சியே அத்தொடரை ஏற்படுத்தினோம் என்று, சங்கத்தின் நிர்வாகியாக நெடுங்காலம் இருந்த வால்டர் பையர்ஸ் என்பவரே பிற்காலத்தில் எழுதி வைத்தார். இவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் பொதுவாழ்வில் அரிது.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. ஆகவே மத்திய அரசாங்கம் கல்லூரிகளைப் பணம் என்னும் கயிற்றால்தான் பிடிக்க முடியும். 1972-இல் நிறைவேறிய கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி அத்தகையதே. அரசாங்கப் பணம் பெறும் எக்கல்விச்சாலையும் ஆண் பெண் வேற்றுமை பாராட்டலாகாது என்றது அது. இரண்டு ஆண்டுகளுக்குள், வருமானம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு மட்டும் விலக்குத் தருக என்று டெக்ஸாஸ் செனட்டர் ஜான் டவர் ஒரு திருத்தம் கொணர்ந்தார். கால்பந்தின் வரும்படிக்கு இடையூறு வரக்கூடாது என்பதே அதன் கருத்து. திருத்தம் நிலைபெறவில்லை. வீராங்கனைகளின் தொகை பன்மடங்கு பெருகியது.

இதற்கிடையே பணமும் பெருகிற்று. ஆட்டங்களை டெலிவிஷனில் காட்டும் உரிமையைச் சங்கமே கட்டுப்படுத்துவது போட்டியைத் தடுக்கும் குற்றம் என்று சுப்ரீம் கோர்ட் 1984-இல் கூறிய பிறகு, கல்லூரிக் கூட்டணிகள் தத்தம் உரிமையைத் தாமே விற்கத் தொடங்கின. இன்று ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பளம் பெறும் கால்பந்துப் பயிற்சியாளர்கள் உண்டு. ஆடுபவனுக்கோ நெடுநாள் வரை படிப்புச் செலவும் உணவும் உறைவிடமுமே. 2019-இல் கலிபோர்னியா மாநிலம், மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பொருள் பெறலாம் என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2021-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு கல்வி சார்ந்த சலுகைகளை மட்டுமே பற்றியது எனினும், அணை உடைந்தது. 2025 ஜூனில் கோர்ட் ஏற்ற சமரசத்தின்படி, முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் நிலுவை. மேலும், கல்லூரி ஒவ்வொன்றும் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம்.

இந்நிலையில் சங்கம் காங்கிரஸின் வாயிலை நாடிற்று. காங்கிரஸ் என்றது அங்குள்ள பாராளுமன்றத்தை. 2025 ஜூலையில் பிரதிநிதி சபையில் ஒரு மசோதா வந்தது. மாநிலச் சட்டங்களை விலக்கி நாடு முழுவதற்கும் ஒரே விதி செய்வது, போட்டித் தடைச் சட்டத்திலிருந்து சங்கத்துக்கு ஓரளவு பாதுகாப்புத் தருவது, வீரர்கள் ஊழியர் அல்லர் என்று உறுதி செய்வது ஆகியவை அதன் உட்கிடை. மாநிலங்களின் உரிமையை ஓயாது பேசும் ரிபப்ளிகன் கட்சியினரே அதனைப் பெரிதும் ஆதரித்தனர்; அவர்களிலும் சிலர் முரண்டு பிடிக்கவே, டிசம்பரில் நடக்கவிருந்த வாக்கெடுப்பு கைவிடப்பட்டது. டெமாக்ரடிக் செனட்டர்கள் வேறொரு வழி கூறினர்: டெலிவிஷன் உரிமைகளைக் கல்லூரிகள் ஒருங்கே சேர்த்து விற்க அனுமதித்தால் சிறு கல்லூரிகளுக்கும் பங்கு கிட்டும் என்பது.

ஒரே நாட்டில் ஐம்பது வகைச் சட்டம் இருந்தால் ஆட்டம் எவ்வாறு நடக்கும் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. சிறு கல்லூரிகள் வீரர்களை ஊழியராக ஏற்கவேண்டி வந்தால், வருவாயில்லாத நீச்சலையும் மல்யுத்தத்தையும் கைவிட்டுவிடும் என்ற அச்சமும் வெறும் பாசாங்கன்று. ஆயினும் ஊழியர் அல்லர் என்னும் அந்த ஒரு வாசகத்தை என்னால் எளிதில் ஏற்க இயலவில்லை. கல்லூரி கால்பந்தைத் தொழிலாக நடத்தவில்லை என்று 1957-இல் கூறியதை, பங்குப் பணம் வழங்கும் கல்லூரியைப் பற்றி இன்று எந்த நீதிபதி கூறத் துணிவார்? நீதிமன்றம் கூறத் தயங்குவதைச் சட்டமன்றத்தைக் கொண்டு கூறச் செய்யும் முயற்சியாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

பெண்களின் பங்கு என்ன என்பது வேறொரு சிக்கல். நிலுவைத் தொகையின் பெரும்பகுதி ஆடவர் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே போகிறது. பங்குப் பணமும் ஒன்பதாம் பகுதிக்குக் கட்டுப்பட்டதே என்று 2025 ஜனவரியில் கல்வி இலாகா அறிவித்தது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அதே இலாகா அவ்வறிவிப்பை ரத்துச் செய்தது. வரும்படி தரும் ஆட்டத்துக்குத் தனி நீதி உண்டா என்று ஜான் டவர் 1974-இல் எழுப்பிய வினாவை, 2025 ஜூனில் எட்டு வீராங்கனைகள் மறுபுறமிருந்து எழுப்பி, சமரசத்தை எதிர்த்து அப்பீல் செய்தனர்.