கௌரா ஊரின் ஜப்பானியத் தோட்டம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வங்கியில் இருந்தவன், நேரத்துக்குக் கவுண்டரை மூடிவிடுவேன்.

ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி கௌரா என்றொரு சிற்றூர். அங்கே ஒரு குன்றில் ஏறக்குறைய 5 ஹெக்டேரில், அதாவது 12 ஏக்கரில், ஜப்பானியத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஜப்பானுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் உலகப் போரில் கௌராவில் ஒரு போர்க்கைதிகள் முகாம் இருந்தது. அதில் 1,100-க்கும் அதிகமான ஜப்பானியர்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் எதிரியிடம் பிடிபடுவதே அவர்களுக்குப் பெரிய அவமானம். ஊரில் குடும்பத்துக்குத் தெரியக்கூடாது என்று பலர் பொய்ப்பெயர் கொடுத்திருந்தார்கள். 1944 ஆகஸ்ட் 5, நள்ளிரவு தாண்டி 2 மணி வாக்கில், சமையலறைக் கத்தியும் பேஸ்பால் மட்டையுமாகக் கிளம்பி, முள்வேலி மேல் போர்வையைப் போட்டு ஏறினார்கள். ஜப்பானியர் 231 பேரும் ஆஸ்திரேலிய வீரர்கள் 4 பேரும் உயிரிழந்தார்கள். தப்பி ஓடிப் பசியோடு வந்த சிலருக்கு ஒரு பண்ணை வீட்டு அம்மாள் தேநீரும் தின்பண்டமும் கொடுத்தார் என்பதும் இந்தக் கதையில் உண்டு.

போர் முடிந்தது. ஜப்பானியர் கல்லறைகளைக் கவனிக்க ஆளில்லை. அந்த ஊரின் முன்னாள் படைவீரர் சங்கத்தார் தாங்களாகவே போய்ப் புல் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். ஜப்பானோடு போரிட்ட நாட்டின் வீரர்கள் அவர்கள்! யாரும் உத்தரவு போடவில்லை. இது ஜப்பானியரின் மனதைத் தொட்டது. 1964-இல் அங்கே ஜப்பானியப் போர்வீரர் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. 1970 முதல் பள்ளி மாணவர்கள் இரு நாடுகளுக்கும் போய் வருகிறார்கள்.

1979-இல் ஜப்பானியத் தோட்டம் திறக்கப்பட்டது, 1986-இல் விரிவடைந்தது. இரண்டு நாட்டுப் பணமும் அதில் இருக்கிறது. வடிவமைத்தவர் கென் நகாஜிமா. குன்றில் ஏற்கெனவே இருந்த பெரும்பாறைகளையே அவர் மலையாக்கினார். அங்கிருந்து அருவி, ஓடை, கீழே கடல் போல ஒரு குளம். நடந்து வந்தால் ஜப்பான் நிலம் முழுவதையும் சுருக்கிப் பார்த்தது போல இருக்கும். முகாம் இருந்த இடத்தையும் கல்லறைகளையும் தோட்டத்தையும் இணைக்கும் சாலையில் செர்ரி மரங்கள். 1992-இல் உலக அமைதி மணி ஒன்றும் அந்த ஊருக்கு வந்தது. பெரும்பாலும் தலைநகரங்களுக்கே கிடைக்கும் மணி அது.

பற்று வரவு பார்த்தே பழகிய எனக்கு ஒன்று படுகிறது. 235 உயிர்களை எந்தக் கணக்கிலும் நேர் செய்ய முடியாது. கௌரா மக்கள் நேர் செய்ய முயலவில்லை. புதுக்கணக்கு ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

நம் இரண்டு பிளாக்குக்கும் நடுவில் உள்ள புல்தரையில் கம்பிவேலி போடும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. கார் நிறுத்துவதில் ஆரம்பித்த மனஸ்தாபம், இப்போது பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது வரை வந்துவிட்டது. என் ஓட்டு வேலிக்கு இல்லை. அந்தப் பணத்தில் இரண்டு புங்கமரக் கன்றும் ஒரு சிமெண்ட் பெஞ்சும் போடலாம். ஒரு வாரம் ஏ பிளாக், மறுவாரம் பி பிளாக் தண்ணீர் ஊற்றட்டும். முதல் வாரம் நான் ஊற்றுகிறேன்.