சொகுசை அளக்கும் மீட்டர் பின்சீட்டில் இருக்கிறது

(தலைப்பு: அன்றாடப் பயணத்துக்குச் சொகுசானது டீசல் ஆட்டோமேட்டிக் காரா? பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காரா? ‘பெட்ரோல் காரே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

டீசல் எஞ்சின் மாதிரியே இவ்வளவு நேரம் சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய ஐயா என்ன சொன்னார்? விடியற்காலையில் காபி குடிச்சிட்டு சென்னையில் டீசல் ஆட்டோமேட்டிக்கில் ஏறினாராம். மதியச் சாப்பாட்டுக்கு மதுரைக்குப் போயிட்டாராம். வண்டி தண்ணீரில் ஓடம் போகிற மாதிரி போச்சாம். நான் மறுக்கவே இல்லை, நடுவர் அவர்களே. ஆனால் ஒரே ஒரு கேள்வி. ஐயா, வருஷத்தில் எத்தனை நாள் மதுரைக்குப் போறீங்க? தலைப்பில் ‘அன்றாட’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைப் படிச்சீங்களா இல்லையா? (கைதட்டல்)

என்னுடைய அன்றாடத்தைச் சொல்கிறேன். நான் இருப்பது பள்ளிக்கரணை. காலையில் பையனை மேடவாக்கத்தில் பள்ளிக்கூடத்தில் விடணும். மூணு கிலோமீட்டர். அப்புறம் வேளச்சேரி. ஆறு கிலோமீட்டர். இந்தப் பக்கம் வேளச்சேரி - தாம்பரம் சாலை, அந்தப் பக்கம் துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை. எனக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி. அது நகர்ந்தால் நான் நகர்வேன். அது நின்றால் நான் நிற்பேன். இந்த ஊரில் என் வண்டியை ஓட்டுவது நான் இல்லைங்க, தண்ணி லாரிதான்! (சிரிப்பு)

எங்க ஊர்ச் சதுப்பு நிலத்தை உங்களுக்குத் தெரியும். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழ் பெற்ற இடம். அங்கே பூநாரை வந்து ஒற்றைக் காலில் நிற்கும். சனங்கள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பத்து வருஷம் கியர் வண்டி ஓட்டிய காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். இடது காலை கிளட்ச் மேலேயே வைத்துக்கொண்டு ஒற்றைக் கால் தவம். என்னை மட்டும் யாரும் நின்று பார்க்கவில்லை! (பலத்த சிரிப்பு) ஆட்டோமேட்டிக் வந்தது, கால் பிழைத்தது. அதில் இரண்டு அணிக்கும் சண்டையே இல்லை. சண்டையெல்லாம் முன்னால் இருக்கிற எஞ்சின் டீசலா, பெட்ரோலா என்பதுதான்.

டீசல் ஏன் உதறுகிறது? பெட்ரோல் எஞ்சினில் ஒரு ஸ்பார்க் பிளக் இருக்கிறது. தீக்குச்சி கிழிச்சு அடுப்புப் பற்றவைக்கிற மாதிரி, அது நெருப்பு வைக்கிறது. டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை ஏறத்தாழ பதினைந்து, பதினாறில் ஒரு பங்காக நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வைக்கிறார்கள். பெட்ரோலில் இந்த நெருக்கல் பத்தில் ஒரு பங்கு அளவுதான். டீசலுக்கு அழுத்தம் அதிகம், அதனால் அடியும் அதிகம், இரும்பும் அதிகம். ருடால்ஃப் டீசல் என்ற மேதை 1897-இல் ஜெர்மனியில் இதை ஓட்டிக் காட்டியபோது, நீராவி எஞ்சினுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளில் உழைக்கிற எஞ்சினாகத்தான் நினைத்தார். அது உழைப்பாளி. நான் வணங்குகிறேன். ஆனால் உழைப்பாளியைத் தாலாட்டுப் பாடச் சொன்னால் எப்படி? (கைதட்டல்)

“இப்போ வருகிற டீசல் வண்டிகளில் உதறலே இல்லையே” என்பார்கள். நிறையக் குறைத்திருக்கிறார்கள், உண்மை. நெடுஞ்சாலையில் தெரியவே தெரியாது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் கையை வைத்துப் பாருங்கள், தெரியும். இன்னொன்று, டர்போ. சுற்று ஏறுகிற வரைக்கும் டீசல் சும்மா இருக்கும்; ஏறியதும் ஒரே தள்ளாகத் தள்ளும். மலை ஏற அது வரம். தண்ணி லாரிக்குப் பின்னால் இரண்டடி இடைவெளியில் அது வரமா? முதலில் ‘வர்றேன், வர்றேன்’ என்று சொல்லிவிட்டு, திடீரென்று பத்துப் பேராக வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி! (சிரிப்பு)

நான் நியாயமாகப் பேசுகிறேன், நடுவர் அவர்களே. பெட்ரோலாக இருந்துவிட்டாலே சொகுசு என்று சொல்லமாட்டேன். விலை குறைந்த ஆட்டோமேட்டிக்கில் ஏ.எம்.டி. என்று ஒரு வகை. உள்ளே இருப்பது பழைய கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை நம் காலுக்குப் பதிலாக மோட்டார் மிதிக்கிறது. 2014-க்குப் பிறகு நம் நாட்டில் நிறையப் பரவியது. கியர் மாறும்போதெல்லாம் உள்ளே இருக்கிற நாலு பேரும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி தலையாட்டுவார்கள். நல்ல டார்க் கன்வர்ட்டர் வைத்த டீசல், அந்த பெட்ரோலை விடச் சொகுசுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமமான கியர்பாக்ஸைச் சமமாக வைத்துப் பாருங்கள். பெட்ரோலில் டார்க் கன்வர்ட்டரோ, கியர் மாறுவதே தெரியாத சி.வி.டி.யோ வாங்குங்கள். சி.வி.டி.யை வேகமாக விரட்டினால் சத்தம் முன்னால் போகும், வண்டி பின்னால் வரும். பள்ளிக்கரணையில் யாருங்க விரட்டப் போறது?

அடுத்தது என் வீட்டுக் கதை. எங்கள் முதல் ஆட்டோமேட்டிக் டீசல்தான். வாங்கி எட்டு மாசத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு, டீசல் காரின் புகைக்குழாயில் ஒரு கரி வடிகட்டி வைக்கிறார்கள். டி.பி.எஃப். என்று பெயர். நல்ல ஏற்பாடு, காற்றுக்கு நல்லது. ஆனால் சேர்ந்த கரி எரிந்து போகணுமென்றால், புகைக்குழாய் நன்றாகச் சூடேறணும். மூணு கிலோமீட்டரில் எங்கே சூடேறும்? மெக்கானிக் சொன்னார்: “அக்கா, நிக்காம அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்க, சரியாயிடும்.” ராத்திரி பதினோரு மணிக்கு நானும் வீட்டுக்காரரும் கேளம்பாக்கம் வரைக்கும் போயிட்டு வந்தோம். எதுக்கு? வேலை இல்லை, சொந்தம் இல்லை, கல்யாணம் இல்லை. கரியை எரிக்க டீசலை எரிச்சோம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

காசுக் கணக்கும் பார்த்துவிடுவோம். 2012 மே மாதத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அன்றைக்கு டீசல் வாங்கியவர் புத்திசாலி. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், வித்தியாசம் சுருங்கிவிட்டது. பெட்ரோல் 101, டீசல் 93 என்று வைத்துக்கொள்வோம். மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பம். பெட்ரோல் லிட்டருக்கு 12, டீசல் 16 கொடுத்தால், டீசலில் மிச்சம் மாசம் 1,300 ரூபாய். டீசல் காருக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை மீட்க ஒன்பதரை வருஷம். மாசம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவர் தாராளமாக டீசல் வாங்கட்டும். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

“மழை வெள்ளத்துக்கு டீசல்தானே” என்றார் எதிரணி அம்மா. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் டீசலும் மிதந்தது, பெட்ரோலும் மிதந்தது. காற்று போகிற வழியில் தண்ணீர் போனால், எந்த எஞ்சினும் பிழைக்காது அம்மா.

கடைசியாக ஒன்று. வாரத்தில் மூணு நாள் நான் வேளச்சேரி போகிறேன் என்று சொன்னேனா? சொல்லவில்லை. எதற்கு என்றும் சொல்லவில்லை. என் மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மாமியார் என்றதும் சிலர் சிரிக்கத் தயாரானீர்கள். இது அந்தக் கதை இல்லை.

நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்தால், அந்த உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். திரும்பி வரும்போது ஆறு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். டீசல் வண்டியில் அத்தை ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வருவார். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். “உனக்குத்தாம்மா சிரமம்” என்பார். கண்ணாடியில் பார்ப்பேன், சிக்னலில் நிற்கும்போது கண்ணை இறுக்கி மூடியிருப்பார்.

ஒரு நாள் எங்கள் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைக் கொடுத்தார். மேடவாக்கம் பக்கம் போகிற அதே கூட்டம், அதே தண்ணி லாரி. பாதி வழியில் கண்ணாடியைப் பார்த்தேன். கை, கைப்பிடியில் இல்லை. மடியில் இருந்தது. அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். வீடு வந்தும் எழுப்ப மனசு வரவில்லை. பத்து நிமிஷம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மாசமே வண்டியை மாற்றினோம். நஷ்டத்துக்குத்தான் மாற்றினோம். (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணியினர் குதிரைத்திறன் சொன்னார்கள், டார்க் சொன்னார்கள், மைலேஜ் சொன்னார்கள். எல்லாம் ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிற மீட்டரில் தெரிவது. சொகுசை அளக்கிற மீட்டர் பின்சீட்டில் இருக்கிறது. மடியில் இருக்கிற குழந்தை, கர்ப்பிணிப் பெண், முதுகு வலிக்காரர், சொல்லாமல் பொறுத்துக்கொள்கிற பெரியவர், இவர்கள் முகம்தான் அந்த மீட்டர். வீட்டுக்கு வண்டி வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு வாலிபர்களை மட்டும் அனுப்பாதீர்கள். பாட்டியைப் பின்னால் உட்காரவைத்து, கூட்ட நேரத்தில் ஒரு சுற்று வாருங்கள். பாட்டி தூங்கினால் வாங்குங்கள்!

மதுரைக்கு டீசல் போகட்டும். மாமியாருக்கு பெட்ரோல் வரட்டும். எனவே அன்றாடப் பயணத்துக்குச் சொகுசானது பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காரே என்று நல்ல தீர்ப்பு தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.